யெஸ்டி வண்டியும் ஒரு கையெழுத்தும்

கோவை கணபதிப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு பெஞ்ச் வைஸ், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள். கூலிக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கும் பட்டறை. பம்ப்செட் ஷாஃப்ட், புஷ், புல்லி என்று எது வந்தாலும் கடைந்து கொடுப்பார் அதன் சொந்தக்காரர். வயது 58.

அந்தக் கொட்டகையின் மூலையில், சாக்குப் பைகளுக்கு அடியில், முப்பத்து நாலு வருஷமாக ஒரு வண்டி கிடந்தது. 1983 மாடல் யெஸ்டி ரோட்கிங். வண்டி அவருடையது இல்லை. அவருடைய அண்ணனுடையது.

இன்றைய பசங்களுக்கு யெஸ்டி என்றால் 2022-ல் வந்த புது வண்டிதான் ஞாபகம் வரும். பழைய கதை வேறு. செக்கோஸ்லோவாகியாவில் 1929-ல் பிறந்த பெயர் ஜாவா. ஜானெச்செக் என்ற முதலாளியின் பெயரிலும் வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து ஒட்டிய பெயர் அது. 1961-லிருந்து மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி அந்த வண்டியைச் செய்தது. பிறகு அதே வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. ஈரானில் உள்ள யஸ்த் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது யெஸ்டி. 1978-ல் ரோட்கிங் வந்தது. 1996-ல் கம்பெனியே நின்று போனது. அவ்வளவுதான் சரித்திரம்!

ரோட்கிங்குக்கு ஒரு தனி மவுசு உண்டு. செக் நாட்டின் சி.இசட். மோட்டோகிராஸ் வண்டிகளின் ரத்தம் அதில் ஓடுகிறது என்பார்கள் ரசிகர்கள். 1964-ல் பெல்ஜியத்துக்காரர் ஜோயல் ரோபேர் 250 சிசி மோட்டோகிராஸில் உலக சாம்பியன் ஆனது சி.இசட். வண்டியில்தான். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, மில் வேலையில் சேர்ந்த புதிதில் வண்டியை வாங்கினார் அண்ணன். கோவைக்காரர்களுக்கு ரேஸ் பைத்தியம் புதிதில்லையே... கரிவரதன் சோழவரத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது.

வாங்கிய ஆறே மாதத்தில் வண்டி அடையாளம் தெரியாமல் போனது. முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டினார். ஹெட்லைட்டைக் கழற்றினார். சைலன்சர் இரண்டையும் மேலே தூக்கினார். குறுக்குக் கம்பி வைத்த அகலமான ஹேண்டில்பார், பட்டன் டயர், பின்னால் பல் கூடின ஸ்ப்ராக்கெட். பல் கூடினால் வேகம் குறையும், இழுவை ஏறும். மண்ணில் அதுதான் வேண்டும். கோடையில் குளம் வற்றினதும் கூட்டாளிகளோடு அந்தக் குளத்து மண்ணில்தான் ஓட்டம். கரையில் உட்கார்ந்து பார்ப்பது தம்பியின் வேலை. பெட்ரோலில் ஆயில் கலந்து கொடுப்பதும் தம்பியின் வேலை. ஒரு லிட்டருக்கு 40 மில்லி.

1988-ல் அண்ணன் விழுந்தார். இடது முழங்கால் போனது. "இனி இந்த வண்டி வெளிய வரக்கூடாது" என்று அப்பா தள்ளிக்கொண்டு போய் கொட்டகையில் போட்டார்.

பிறகு அப்பா காலமானார். 2009-ல் பாகப்பிரிவினை. வீடும் கொட்டகையும் தம்பிக்கு, தோட்டம் அண்ணனுக்கு. கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பதில் வாய் தடித்து, பேச்சு நின்றது. கல்யாணம் காட்சிக்குப் போனால் ஆளுக்கு ஒரு பந்தியில் உட்காருவார்கள். பத்திரத்தில் தென்னை மரங்களுக்குக்கூட எண்ணிக்கை இருந்தது. வண்டிக்கு ஒரு வரிகூட இல்லை.

2022-ல் ஆர்டர் குறைந்து பட்டறை படுத்திருந்த ஒரு மாதத்தில், தம்பி சாக்குகளை எடுத்துப் போட்டார். ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு, "சும்மா எடம் அடைச்சுக்கிட்டு கெடக்குது" என்றார். இடம் அடைக்கிற வண்டியை எடைக்குப் போடலாமே! அவர் போடவில்லை.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசல் விட்டு, தினமும் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். பதினோராவது நாள் பிஸ்டன் நகர்ந்தது. சிலிண்டரைக் கழற்றினால் உள்ளே துரு தின்ற குழிகள். போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத் தவிர வழியில்லை. கனெக்டிங் ராடு ஆடியது. கிராங்கைப் பிரித்துப் புது கிட் போட்டார். சேர்த்த பிறகு லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டி, டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை.

டேங்க்கில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் ஊற வைத்தார். வெளியே வந்த தண்ணீர் காபி நிறத்தில் இருந்தது. கிளட்ச் பிளேட்டின் கார்க்கெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் சைலன்சர் கிடைத்தது, சென்னை புதுப்பேட்டையில் மட்கார்டு கிடைத்தது. மீதிக்கு மைசூர் வரை போனார்.

மட்கார்டும் சைலன்சரும் எதற்கு? அண்ணன் கழற்றினதையெல்லாம் திரும்ப மாட்டத்தான். ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது கம்பெனியிலிருந்து வந்தது போல் இருக்க வேண்டும். ஆகவே அகலமான ஹேண்டில்பாரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஃப்ரேமைத் தேய்த்தபோது ஃபுட்ரெஸ்ட் பக்கம் ஒரு கோணல் வெல்டிங் தெரிந்தது. அண்ணன் தன் கையால் வைத்த பற்று. கிரைண்டரை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அதன் மேலேயே பெயிண்ட் அடித்தார்.

2024 ஜனவரியில் வண்டி ஸ்டார்ட் ஆனது. யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான், இடது பக்கம். நிமிர்த்தி உதைத்தால் கிக்கர், மடக்கினால் கியர். ஸ்டார்ட் ஆனதே தவிர, ஐடிலில் நிற்கவில்லை. திடீரென்று தானாகவே ரெய்ஸ் ஏறும், பிறகு விழும். கார்புரேட்டரை நாலு தடவை பிரித்து மாட்டினார். பாயிண்டைத் தேய்த்தார். கண்டென்சரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. ஆர்.சி. புத்தகம் அண்ணன் பேரில். புதுப்பிக்கப் படிவம் 25-ல் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். பேர் மாற்ற 29-ம் 30-ம் வேண்டும். படிவங்கள் மூன்றும் பட்டறை மேஜையில் கிரீஸ் படிந்து கிடந்தன. மனைவிதான் ஒரு நாள் சொன்னார்: "ஸ்பேர் தேடி மைசூர் வரைக்கும் போனீங்க. மாமா வீடு நாலு கிலோமீட்டருங்க."

போனார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் படிவங்களை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்கண்ணா. ஐடில்தான் நிக்கமாட்டேங்குது."

"பாயிண்ட் கேப் எவ்வளவு?"

"பாயிண்ட் நாலுங்கண்ணா."

அண்ணன் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஃபுட்ரெஸ்ட் பக்கம் குனிந்து அந்த வெல்டிங்கை விரலால் தடவிவிட்டு, ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தார். உதைக்க அவரால் முடியாது. ஆக்ஸிலேட்டர் அண்ணன் கையில், உதை தம்பியுடையது. நாலாவது உதையில் பிடித்தது. கொட்டகை முழுக்க நீலப் புகை, ஆயில் வாசம். ரெய்ஸ் ஏறியது, விழுந்தது, ஏறியது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எஞ்சினை அணைத்தார்.

"கார்புரேட்டர்ல ஒண்ணுமில்லடா. டைனமோ பக்கத்து சீல் காத்து இழுக்குது."

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சங்கதி இதுதான். அதில் வால்வு கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய் துவாரங்களைத் திறந்து மூடுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்து முதலில் வருவது கிராங்க் இருக்கும் அறைக்குள். அந்த அறைக்கு இரு பக்கமும் காவல் ரப்பர் சீல்கள்தான். சீல் வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து போகும். எஞ்சின் இஷ்டத்துக்கு ரெய்ஸ் ஆகும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் புதிதாக, பளபளவென்று இருக்கும்.

டைனமோவைக் கழற்றினார்கள். சீல் புதுசுதான். மாட்டும்போது அதன் உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. நாற்பது வருஷ அனுபவம் உள்ள தம்பியின் கை செய்த தப்பு! இன்னொரு சீலுக்கு ஆயில் தடவி, அண்ணன் டார்ச் பிடிக்க, தம்பி நிதானமாக உள்ளே இறக்கினார். மறுபடி உதைத்தார். இந்தத் தடவை சத்தம் ஒரே சீராக நின்றது. இரண்டு பேரும் பேசாமல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கிணற்றைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மத்தியானம் அங்கேயே சாப்பாடு. கிளம்பும்போது அண்ணன் படிவங்களைக் கேட்டு வாங்கினார். 25-ல் மட்டும் கையெழுத்துப் போட்டார். 29-ஐயும் 30-ஐயும் அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தம்பியின் முகம் சுருங்கியது.

"பேரு எம்பேர்லயே இருக்கட்டும்டா. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரினிவலுக்கு என்கிட்ட வந்துதானே ஆவணும்?"

பதிவு புதுப்பித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டி நாலு கிலோமீட்டர் போய், நாலு கிலோமீட்டர் திரும்பி வருகிறது. அகலமான ஹேண்டில்பார் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அடுத்த ரினிவல் 2029-ல்.