'நெகட்டிவ்' எழுதுமுன்

அரசு மருத்துவமனையின் சளிப் பரிசோதனை அறை. ஜன்னலோரம் ஒரு பழைய மைக்ராஸ்கோப். மூலையில் எல்.இ.டி. விளக்கு வைத்த இன்னொன்று.

ஆய்வக நுட்புநர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாயமேற்றிய ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார். நூறு மடங்கு லென்ஸை அந்தச் சொட்டில் முட்டும்வரை இறக்குகிறார். காற்றுக்குள் புகுந்தால் விலகி வீணாகும் ஒளியை, கண்ணாடிக்கு இணையான ஒளிவிலகல் கொண்ட அந்த எண்ணெய் லென்ஸுக்குள் சேர்த்துவிடுகிறது. கண்ணருகே உள்ள வில்லையின் பத்து மடங்கும் சேர, ஆயிரம் மடங்கு. நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கீற்றுகள்: காசநோய்க் கிருமிகள். 1882இல் ராபர்ட் கோக் பெர்லினில் இவற்றைக் காட்டியபோது கிருமி நீலம், சுற்றுப்புறம் பழுப்பு. சிவப்புச் சாயம் பிறகுதான் வந்தது.

ஃபீல்டுக்கு, அதாவது லென்ஸில் ஒரு தடவை தெரியும் வட்டத்துக்கு, பத்துக்கு மேல் கிருமி இருந்தால் இருபது ஃபீல்டோடு வேலை முடிந்தது, 'த்ரீ ப்ளஸ்'. ஒன்றுமே தென்படாத ஸ்லைடுதான் ஆளை உட்கார வைக்கிறது.

"அக்கா, அறுபது பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல," என்கிறாள் பயிற்சிக்கு வந்த பெண்.

"நூறு பாரும்மா."

மூலையில் இருக்கும் எல்.இ.டி. மைக்ராஸ்கோப்பில் இவ்வளவு பாடில்லை. ஆரமின் சாயம் ஏறிய கிருமி, நீல ஒளியை வாங்கிப் பச்சை கலந்த மஞ்சளாக உமிழ்கிறது. நீலத்தை வடிகட்டி தடுத்துவிடுவதால் இருட்டில் கிருமி மட்டும் மினுங்குகிறது. எண்ணெய் வேண்டாம், இருபது, நாற்பது மடங்கு லென்ஸே போதும். ஒரே பார்வையில் அகன்ற பரப்பு சிக்குவதால் நேரமும் மிச்சம். முன்பு இதற்குப் பாதரச விளக்கும் இருட்டறையும் தேவைப்பட்டன. அந்த விளக்கு சுமார் 200 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

மரபணுவைத் தேடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நோயைக் கண்டுபிடிப்பதில் அவை கெட்டிதான். ஆனால் செத்த கிருமியையும் கணக்கில் சேர்த்துவிடும். மருந்து கேட்கிறதா என்று பார்க்க இன்னும் ஸ்லைடைத்தான் தேடுகிறார்கள்.

ஒரு பெரியவர் டப்பாவை நீட்டுகிறார். அந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.

"தாத்தா, இது வெறும் எச்சில். வெளியே போய் நெஞ்சிலேருந்து காறி எடுத்துட்டு வாங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போகிறார். அந்த அம்மா கேட்டது நியாயம். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐந்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் ஸ்லைடில் தட்டுப்படும். உங்களிடம் டப்பா தந்தால், ஆழ மூச்சிழுத்து இருமி, சளியையே கொடுங்கள்.