குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்

நாற்பதில் வருவது சாளேசுரம் என்பார் என் அப்பா. வெள்ளெழுத்து என்றும் சொல்வதுண்டு. எனக்கும் வந்தது. நடக்க ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு மூக்குக் கண்ணாடிகளோடு பணிக்காலத்தை ஓட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு மகன் சொன்னான்: "எதுக்குப்பா ரெண்டு? ப்ரோக்ரசிவ் போட்டுக்கங்க, எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்."

போட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் கழுத்து வலி, மாலையானால் தலைவலி, கண்ணில் எரிச்சல். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தைலத்தைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் மாலை, பேரனோடு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்திருந்தது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். படியின் விளிம்பு கலங்கலாகத் தெரிந்தது. வைத்த கால் பிசகியது. முழங்கால் சிராய்ப்போடு உட்கார்ந்துவிட்டேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் நாலு படி கீழேதான் இருந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் மனைவி, "இனிமே பிள்ளையத் தனியா கூட்டிட்டுப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டாள். சிராய்ப்பைவிட அதுதான் வலித்தது.

மறுநாளே அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். மூட்டுவாதத்தால் வளைந்த விரல்களோடு கண் அறுவை செய்தவர் அவர். ஓய்வு பெற்ற எனக்கு அங்கே போகும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும், தெம்பாகவும் இருக்கும்.

பரிசோதித்த பெண், "பவர் சரியா இருக்கு சார். வீட்டுல கம்ப்யூட்டரை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்திருப்பதைச் சொன்னேன். சிரித்துவிட்டு விளக்கினார்.

இந்த லென்ஸின் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு. கம்ப்யூட்டர் தூரத்துக்கு உரியது நடுவில் உள்ள ஒரு குறுகலான பாதை மட்டுமே. இரு ஓரங்களும் கலங்கலாகத்தான் இருக்கும். திரை உயரத்தில் இருந்தால் நடுப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். கழுத்து வலி அதனால்தான். படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் பகுதி வழியாகப் பார்ப்போம். அது ஒரு முழத் தூரத்துக்கானது, பாதமோ நாலைந்து அடி கீழே. அதனால்தான் படி கலங்கியது. தலையையே குனிந்து, மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும்.

1959இல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தெனாஸ் உருவாக்கிய 'வாரிலக்ஸ்' விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த வகை லென்ஸ் பரவியது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பழகிக்கொள்ள வேண்டியவர் போட்டுக்கொள்பவர்தான்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களை எடுத்தேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே, ஒரு கை நீளத் தூரத்தில். எழுத்தைப் பெரிதாக்கினேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பினேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி, 20 அடிக்கு அப்பால் உள்ள எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கிறேன். கண்ணைச் சிமிட்டவும் மறப்பதில்லை. சரிந்துகொண்டிருந்த ஃபிரேமையும் மூக்கில் நிற்கும்படி சரிசெய்துகொண்டேன். கொஞ்சம் சரிந்தாலே பகுதிகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: ஃபிரேமை மாட்டிவிட்டு, கருவிழிக்கு நேரே புள்ளி வைத்து உயரம் அளக்கிறார்களா என்று பாருங்கள். மணிக்கணக்கில் தட்டச்சு செய்பவர்கள் கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரு மாதம் கழித்து மீண்டும் தெப்பக்குளம். இந்த முறை மனைவியும் பின்னாலேயே வந்தாள், காவலுக்கு. ஒவ்வொரு படிக்கும் தலை குனிந்து இறங்கினேன்.

"ஏன் தாத்தா குனிஞ்சு குனிஞ்சு போறீங்க?"

"படிக்கு வணக்கம் சொல்றேன்டா."

அவனும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டே இறங்கினான். அடுத்த வாரம் எங்கள் இருவரையும் தனியாக அனுப்பினாள்.