செஞ்சியைத் தொலைத்த வானம்பாடி

உத்திரமேரூரில் இருபது வருஷங்களாக உபாத்தியாயராக இருந்து வருகிறோம். கி.பி. 919-லும் 921-லும் பொறித்த குடவோலைச் சாஸனங்கள் உள்ள ஊர் இது. ஆகையால், பெயர் எழுதும் விஷயமென்றால் நமக்குச் சற்றுக் கர்வம் உண்டு. சென்ற மாசி மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை அடக்கிவிட்டான்.

ஏரிக்கரையை அடுத்த தரிசிலே ஒரு சின்னஞ்சிறு பறவை ஜிவ்வென்று எழும்பிற்று. சிறகை ஒடுக்கிக் கல்லைப்போல் விழுந்தது. தரையைத் தொடுமுன் மறுபடியும் மேலே கிளம்பிற்று. உச்சந்தலை சாம்பல், வயிறு கறுப்பு.

"சாம்பல் தலை வானம்பாடி, சாஸ்திரப் பெயர் எரமாப்டெரிக்ஸ் கிரிஸியஸ். கிரேக்க பாஷையில் 'எரமாஸ்' என்றால் பாலைவனம், 'டெரிக்ஸ்' என்றால் சிறகு. 'கிரிஸியஸ்' என்பது சாம்பல் நிறம்" என்று நமது பாண்டித்தியத்தைக் காட்டினோம்.

"இங்கே பாலைவனம் ஏது ஸார்? இது நம்ம ஏரிக்கரைக் குருவியாச்சே! பேர் வெச்சவர் இதைப் பார்த்திருக்காரா?" என்றான் பையன்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினோம்.

ஸொன்னரா என்ற பிரெஞ்சு யாத்திரிகர் 1782-ல் வெளியிட்ட நூலில் இதைச் 'செஞ்சி வானம்பாடி' என்று வர்ணித்திருக்கிறார். வந்தவாசிக்கு அப்பாலுள்ள நமது செஞ்சிதான்! இந்தியாவுக்கே வராத ஸ்கோபோலி என்ற பண்டிதர், அந்த வர்ணனையை வைத்து 1786-ல் 'கிரிஸியா' என்று லத்தீனில் பெயரிட்டார். 1789-ல் கிமெலின் என்பவர் செஞ்சியின் பெயரையே சூட்டினார். ஆனால் முந்திய பெயரே செல்லும் என்பது சாஸ்திர விதி. மூன்றே வருஷத்தில் செஞ்சி தோற்றது! பாலைவனச் சிறகு என்ற குலப்பெயரோ, 1836-ல் கௌப் என்ற ஜெர்மானியர் கொடுத்தது.

செஞ்சியின் பெயர் வேறொரு பறவைக்கு நிலைத்தது. திருக்கழுக்குன்றத்து மலையில் அமுதுண்ண வந்த வெண்கழுகின் இந்திய வகைக்கு 'ஜிஞ்சினியானஸ்' என்று பெயர். 1990-களோடு அக்கழுகுகள் வருவது நின்றுவிட்டது. பெயர் மட்டும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் இதையெல்லாம் பையனிடம் ஒப்பித்தோம். அவன் பதில் பேசாமல் நம்மைத் தரிசுக்கு அழைத்துப் போனான். மண்கட்டியின் நிழலில் ஒரு சிறு பள்ளம், விளிம்பிலே பொடிக்கற்கள், உள்ளே இரண்டு முட்டைகள். சுற்றிலும் நான்கு குச்சிகள் நட்டிருந்தன.

"நாளைக்கு உழவு ஸார். அப்பாகிட்ட சொல்லிட்டேன். இதைச் சுத்திக்கிட்டுத்தான் டிராக்டர் ஓட்டுவார்."

தரிசு என்று நாமும், பாலை என்று கிரேக்கமும் ஒதுக்கிய இடத்தில் ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருந்தது! இருபது வருஷமாக அவ்வழியே சைக்கிளில் போய் வந்த நாம், அன்றுதான் அதை முதன்முதலாகக் குனிந்து பார்த்தோம்.