இரு கதைஞர்களின் நகரம்

இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம் கல்லூரிகளாலும் கோபுரங்களாலும் பெயர்பெற்றது. அங்கே செல்வோர் பழம்பெரும் நூலகங்களையும் ஆலயங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். நாமோ வேறொரு நோக்குடன் சென்றோம். சிறுவரும் பெரியவரும் விரும்பிப் படிக்கும் இரு பெருங்கதைகள் உருவான இடங்களைக் காணவேண்டும் என்பதே நம் ஆவல். ஒன்று, ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. மற்றொன்று, சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகள். இருவரும் இப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஆற்றியவர்கள்; நெருங்கிய நண்பர்கள். டோல்கீன் கத்தோலிக்கர், லூயிஸ் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்.

மந்திரவாதியும் சூனியக்காரியும் வரும் கதைகளைக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடும் எண்ணத்துடனேயே இந்நகரின் வீதிகளில் நடந்தோம்.

செயின்ட் ஜைல்ஸ் என்னும் அகன்ற வீதியில் 'ஈகிள் அண்ட் சைல்ட்' என்ற பழைய மதுச்சாலை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் அது கதவடைத்தது. முற்காலத்தில் செவ்வாய்தோறும் காலையில் டோல்கீன், லூயிஸ் முதலிய நண்பர்கள் அங்கே கூடி உரையாடினர். வியாழன் இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் கூடி, தாங்கள் எழுதிக்கொண்டிருந்ததை உரக்கப் படித்துக் காட்டினர். டோல்கீன் தம் பெருங்கதையை 1937-இல் தொடங்கினார். அது 1954-55 ஆண்டுகளில்தான் அச்சேறியது. சோர்ந்தபோதெல்லாம் ஊக்கமூட்டிய லூயிஸ் இல்லையெனில் அதை முடித்திருக்க மாட்டேன் என்று அவரே நன்றியுடன் கூறியுள்ளார். எழுத விரும்பும் இளைஞர்க்குப் பொறுமையுடன் கேட்கும் ஒரு நண்பர் எத்துணைப் பெரிய கொடை!

அவ்வீதியின் வடகோடியைக் கடந்தால் புனித ஞானப்பிரகாசியார் ஆலயம். டோல்கீன் திருப்பலி காண வந்த ஆலயங்களுள் இதுவும் ஒன்று. உள்ளே அமர்ந்தபோது அவருடைய தாயாரின் நினைவே நமக்கு வந்தது. இளம் விதவையான மேபல் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினர் சினந்து, செய்துவந்த பண உதவியை நிறுத்தினர். வறுமையில் இரு மைந்தரையும் வளர்த்த அவர், 1904-இல் நீரிழிவு நோயால் இறந்தார். அப்போது டோல்கீனுக்கு வயது 12. புனித நியூமன் நிறுவிய பர்மிங்காம் குருக்கள் இல்லத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் அடிகளார் அப்பிள்ளைகளுக்குக் காப்பாளரானார். தம் தாய் விசுவாசத்திற்காக உயிர் ஈந்தவர் என்றே டோல்கீன் இறுதிவரை கருதினார்.

இத்தகையவரின் கதையில் ஆலயமோ குருவோ இல்லை. இறைவனின் பெயரும் ஒலிப்பதில்லை. ஆயினும் அது அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பே என்று 1953-இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார். எவ்வாறு? தீய வல்லமை நிறைந்த மோதிரத்தை அழிக்க ஃப்ரோடோ என்னும் எளியவன் புறப்படுகிறான். அவன் குழுவினர் பயணம் தொடங்கும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25, அதாவது மங்கள வார்த்தைத் திருநாள். அதனினும் ஆழமானது முடிவு. இறுதிக் கணத்தில் ஃப்ரோடோ சோதனையில் வீழ்ந்து மோதிரத்தைத் தனதென்கிறான். முன்பு கொல்லத் தகுந்தவன் என எண்ணப்பட்டும் இரக்கத்தால் உயிருடன் விடப்பட்ட கொல்லம் என்பவனே அதைப் பறித்து, தவறி நெருப்பில் வீழ்கிறான். வீரம் தோற்ற இடத்தில், என்றோ காட்டிய இரக்கம் வென்றது. மனித முயற்சி முடியுமிடத்தில் இறையருள் செயற்படும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதை சொல்லும்?

பின்னர் மாடலின் கல்லூரிக்குச் சென்றோம். அங்கே புல்வெளியைச் சுற்றி, ஆற்றையொட்டி, மரநிழலில் ஒரு நடைபாதை உண்டு. ஆடிசன் நடைபாதை என்பர். 1931 செப்டம்பரில் ஓரிரவு டோல்கீனும் ஹியூகோ டைசனும் லூயிஸுடன் இங்கே நடந்தனர். கடவுள் உண்டென ஏற்றிருந்த லூயிஸ், கிறிஸ்துவை இன்னும் ஏற்கவில்லை. இறந்து உயிர்க்கும் தெய்வத்தைப் பற்றிய பழங்கதைகள் உன் நெஞ்சை உருக்குகின்றனவே, அப்படியொரு கதை வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்ததுதான் கிறிஸ்துவின் வாழ்வு என்று நண்பர் எடுத்துரைத்தனர். பேச்சு விடியற்காலை வரை நீண்டது. சில நாட்களுக்குப்பின், தமையனாரின் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் விலங்குக் காட்சிசாலைக்குச் செல்லும் வழியில் லூயிஸ் விசுவாசத்தை அடைந்தார்.

நகரின் கிழக்கே, ஹெடிங்டன் குவாரியிலுள்ள ஆலய வளாகத்தில் லூயிஸின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்த நாள் 1963 நவம்பர் 22. ஆலயத்துள் நார்னியாக் காட்சிகள் பொறித்த கண்ணாடிச் சாளரம் ஒன்றையும் கண்டோம். 1950-இல் வெளிவந்த முதல் நார்னியாக் கதையில், துரோகம் செய்த சிறுவனுக்காக அஸ்லான் என்னும் சிங்கம் உயிர்கொடுத்து மீண்டும் உயிர்க்கிறது. பொருள் வெளிப்படை. டோல்கீனுக்கோ இக்கதைகள் பிடிக்கவில்லை. அவர் விசுவாசத்தைக் கதையின் அடித்தளத்தில் வைத்தார். லூயிஸ் அதை வாசற்படியிலேயே வைத்தார். இருவழியும் நல்வழியே.

இறுதியாக வடபுறத்து வுல்வர்கோட் கல்லறைத் தோட்டம் சென்றோம். 1971-இல் மறைந்த மனைவி எடித்துடன், 1973-இல் மறைந்த டோல்கீன் ஒரே குழியில் துயில்கிறார். கல்லில் அவ்விருவர் பெயரோடு, சாவையும் கடந்த காதலர்களாக அவர் படைத்த லூதியன், பெரென் என்ற பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. யாரோ ஒரு வாசகர் வைத்துச் சென்ற செபமாலை கல்லின்மேல் கிடந்தது.

பெற்றோரே, ஒரு கதையில் மந்திரம் உண்டா என்று மட்டும் பாராதீர்கள். அங்கே வல்லமை போற்றப்படுகிறதா, இரக்கம் போற்றப்படுகிறதா என்று பாருங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பின்பு மாலைச் செபம் முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாகப் படித்துக் காட்டுங்கள். எழுதும் ஆர்வமுள்ள இளையோரே, பக்கந்தோறும் மறையுரை ஆற்றவேண்டுவதில்லை. நீங்கள் விசுவசித்து வாழ்ந்தால், உங்கள் கதையும் அதை அறியும்.