தலைக்கு மேல் தொங்கிய சொல்

பாடப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்டாள்: "அப்பாரு, கொள்கைன்னா பாலிசிதானுங்க? அப்ப எல்.ஐ.சி. பாலிசியும் கொள்கையா?"

சிரித்துவிட்டேன். பதில் மட்டும் சட்டென்று வரவில்லை. பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல் என் தலைக்கு மேலேதான் பலகையாகத் தொங்கியது.

கொள் என்பது அதன் வேர். எடுப்பது, பிடிப்பது, தாங்குவது எல்லாம் அதில் அடக்கம். நூல் வாங்கினால் கொள்முதல். பெண் எடுத்தால் கொள்வினை. குறிக்கோளும் கோட்பாடும் அதே வீட்டுப் பிள்ளைகள். கொள்கை என்றால், தானாக எடுத்து, விடாமல் பிடித்திருப்பது. பிடித்தால் கை வலிக்கும். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் தடியடி விழுந்தும் சென்னிமலைக் குமரன் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போனது, வயது 27. ஊரார் 'கொடிகாத்த' என்று அந்தக் கையைத்தான் அவர் பெயரோடு சேர்த்தார்கள்.

தானாக எடுக்காததும் உண்டு. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடின. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. அது கொண்டதல்ல, கொள்ளவைத்தது. ஆனாலும் எங்கள் பலகையைவிட அதற்குக் கனம் அதிகம் என்றே சொல்வேன்.

பலகையில் 'நிறுவனத்தின் கொள்கை: கட்டாய ஓவர்டைம் இல்லை' என்றிருக்கும். பையர் ஆடிட்டுக்கு முதல்நாள் தூசி தட்டுவார்கள். "கேட்டா எட்டு மணி நேரம்னு சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். நாங்களோ ஒன்றரை ஷிப்ட். நானும் எட்டு மணி நேரம் என்றே சொன்னேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், சனிக்கிழமைச் சம்பளம். காரணம் இருந்தது, வெட்கமும் இருந்தது.

பேக்கிங்கில் ஓர் அக்கா, படிக்காதவர். ஆடிட்டர் கேட்டதும் பெட்டியை ஒட்டிக்கொண்டே, "ஒன்றரை ஷிப்டுங்க, ராத்திரி எட்டரை ஆயிரும்" என்றார். ஆடிட்டர் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த அக்காவின் மேஜையில் வேறு ஆள். அந்த மாதமே பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள்.