செசி தேறினால் வண்டி தேறும்: சபரகமுவத் தோட்டப் பாதைகளில் பழைய டபுள் கெப்

டொயோட்டா ஹைலக்ஸின் ஐந்தாம் தலைமுறை 1988 இல் வெளிவந்தது. அதில் எல்.என்.106 என்ற குறியீடு பெற்ற நான்கு சக்கர இயக்க டபுள் கெப்புக்குச் சபரகமுவ மாகாணத்தில் இன்றும் கேள்வி இருக்கிறது. 2,779 சி.சி. கொண்ட 3எல் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், நீளமான செசி ஆகியவையே இதன் அமைப்பு. எஞ்சினின் வலு சுமார் 90 குதிரைவலுதான். இன்றைய சிறிய கார்களில் சில அதைவிடக் கூடிய வலு தருகின்றன. ஆனால் கருங்கல் பதித்த தோட்டப் பாதையில் ஏற்றம் ஏறுவதற்கு வேகம் தேவையில்லை, சக்கரத்தில் முறுக்குவிசை தேவை. ‘லோ’ கியருக்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபர் பெட்டி அந்த விசையை ஏறத்தாழ 2.28 மடங்காக்கி அனுப்புகிறது. உர மூட்டை ஏற்றிய வண்டி நடை வேகத்தில், கிளட்ச் எரியாமல் வளைவு ஏறுவது அதனால்தான்.

கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் இறப்பரும் தேயிலையும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கம் பெரும்பாலும் தேயிலை. இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பிரதான வீதியிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து லயங்களுக்கும் போகும் பாதைகள் பல வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டப்பட்டவை. தோட்டத் துரைமாருக்குப் பின்னாளில் லேண்ட் ரோவர் இருந்தது. 1948 இல் அறிமுகமான அந்த வண்டிக்கு, போருக்குப் பின் இரும்பு தட்டுப்பாடாக இருந்ததால், அலுமினியக் கலவையில் உடல் செய்தார்கள்; செசி மட்டும் இரும்பு. ஆகவே பழைய லேண்ட் ரோவர்களில் தகடு பளபளப்பாக நிற்கும்போதே அடியில் செசி உதிர்ந்துபோயிருக்கும். பின்னால் வந்த ஜப்பானியக் கெப்புகளில் உடலும் இரும்பு. துரு அங்கே இரண்டு பக்கமிருந்தும் வேலை செய்கிறது.

இவ்வளவு பழைய வண்டியைப் பணம் போட்டு மீட்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதுவும் கடும் வரியோடு. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த ஒவ்வொரு கெப்பும் விலை ஏறியது. ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகள் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டன.

வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் பொனட்டைத் திறக்கிறார்கள். திறக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பதே அனுபவமுள்ள டிங்கர் பாஸ்மாரின் முடிவு. எஞ்சினைக் கழற்றி வேறொன்று போடலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் கிடைக்கும். செசி போனால் வண்டியே போயிற்று. காவத்தைக்குப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் நான் பார்த்த சோதனை மிக எளிமையானது. வண்டியைக் குழிமேல் நிறுத்தி, பாஸ் ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே இறங்கினார். முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று பேசியது. பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடத்தில் சத்தம் மந்தமானது. அங்கே ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கறுப்புப் பூச்சு உடைந்து, முனை உள்ளே போனது. “தம்பி, இத யாரோ தார் பூசி மறைச்சிருக்காங்க. மேல பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்ல,” என்று மேலே நின்ற பையனிடம் சொன்னார்.

அந்த இடம் தற்செயலாகக் கெடுவதில்லை. பெட்டி வடிவச் செசியின் உட்புறத்தில் சேறு புகுந்து வளைவில் தங்குகிறது. நீர் வடிவதற்கு வைத்த துளைகள் அடைபடுகின்றன. ஈரம் உள்ளேயிருந்து தின்கிறது. இறப்பர் பால் வாளி ஏற்றிய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். சிந்திய பால் தளத்து மடிப்புகளில் கட்டியாகி, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பதுண்டு. அது பித்தளையையும் செம்பையும் அரிப்பதால், தளத்துக்குக் கீழே ஓடும் வயர் முனைகளையும் பார்க்க வேண்டும். துரு ஏழை நாட்டுக் குறையல்ல. அமெரிக்காவில் விற்ற 1995–2000 மாதிரி டக்கோமா வண்டிகளின் செசி துருப்பிடித்ததால், டொயோட்டா 2008 இல் உத்தரவாதத்தை 15 ஆண்டுகளுக்கு நீட்டியது. அங்கே பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு செய்ததை இங்கே சேறும் மழையும் செய்கின்றன.

இரத்தினபுரியில் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: வண்டி வெள்ளத்தில் நின்றதா? களு கங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நகரை மூழ்கடித்தது. நீருக்குள் நின்ற வண்டியைக் கழுவி விற்றாலும் மண் எங்காவது எஞ்சும். இருக்கைத் தண்டவாளத்தின் அடி, டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர்க் கட்டு, ஹெட்லைட்டின் உட்புறம், இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்தால் தெரியும் கடைசி முழம் ஆகிய இடங்களில் மெல்லிய களிமண் கோடு இருந்தால் வாங்காமல் விடுவது நல்லது. அடுத்தது பத்திரம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறும் ‘ஓப்பன் பேப்பர்’ வண்டியில் இந்தச் சிக்கல் முழுவதும் கடைசியாக வாங்கியவர் தலையில் விழும்.

செசி வேலை இந்தத் தொழிலின் உச்சம். முதலில் பெற்றரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தாங்கியையும் பிரேக் குழாய்களையும் அப்புறப்படுத்துகிறார்கள். உடலைத் தூக்கிய பிறகு செசியைச் சமதளத்தில் தாங்கு கட்டைகள்மேல் வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்கிறார்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இல்லாவிட்டால் எங்கோ அடிபட்ட வண்டி. அளவெடுத்த பிறகே வெட்டு. துருவின் ஓரத்தோடு நிறுத்தாமல் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்கிறார்கள். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் ஒட்டு மறுபடியும் அதே இடத்தில் விடும். புதிய தகட்டைப் பழையதன் கனத்துக்கு ஏற்பத் தெரிந்தெடுத்து, உள்ளே ஒரு பட்டை வைத்து, துண்டு துண்டாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்கிறார்கள். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூடு செசியை வளைத்துவிடும். மேலே வைக்கும் தகட்டுத் துண்டின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வெட்டுவது வழக்கம். செங்குத்து வெல்டிங் கோட்டில் பாரம் ஒரே இடத்தில் குவிந்து, பக்கத்து இரும்பு வெடிக்கும். நான் நின்ற அன்று பாஸ் இரண்டு விரற்கடை பற்றவைப்பதும், மறுமுனைக்குப் போவதும், நடுவே கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பதுமாக இருந்தார். அளவுநாடா மறுபடி மறுபடி வந்தது. இவ்வளவு பொறுமைக்கு வாடிக்கையாளர் கூலி தரத் தயங்குவதும், கண்ணில் படும் பெயின்டுக்கு மட்டும் மனமுவந்து செலவழிப்பதும் நியாயமே இல்லை.

வெல்டிங் முடிந்ததும் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெய். துளைகளை மறக்காமல் திறந்து விடுகிறார்கள். துருவின்மேல் நேரடியாகத் தார் பூசுவது ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதாகும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். நீல நிறப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் அல்லது கேஸ்கட் போயிருக்கும். எண்ணெய் மூடியைத் திறக்கும்போது வாயு உரத்து அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. 3எல் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வாங்கிய உடனேயே மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வலுவைக் கூட்ட ஆசைப்பட்டு டர்போ ஏற்றுவதும், பம்ப் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவதும் இளைஞர்களிடையே பரவலாக உண்டு. முதல் மாதம் வண்டி பறக்கும். நீண்ட ஏற்றத்தில் ஹெட் சூடேறி வெடிப்பு விழுந்தால் பெருஞ்செலவு. நொசில்களைச் சோதனைக் கருவியில் போட்டு, பம்பைச் சரியான அளவில் வைத்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாலே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த இழுவை திரும்பி வருகிறது. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய புகைப் பரிசோதனைச் சான்றிதழுக்கும் அதுவே போதும்.

முன் அச்சில் நக்கிள் சீலைப் பார்ப்பது முக்கியம். ஓடைகளைக் கடக்கும் வண்டியில் நீர் உள்ளே போய் கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்திருந்தால் அச்சு சீலும் போயிருக்கிறது. பெயின்ட், இருக்கை, கண்ணாடி ரப்பர் ஆகியவை கடைசி வேலை. அவற்றில் அதிகம் தடுமாற எதுவுமில்லை.

இந்தக் கராஜ்களில் வேலை செய்வோரில் கணிசமானோர் லயங்களிலிருந்து வந்த பிள்ளைகள். சாதாரண தரத்தோடு பள்ளி முடிந்ததும் மலையை விட்டு நகரத்துக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பதில் தொடங்கி, பிறகு டிங்கர், அதன்பின் செசி என்று படிப்படியாக ஏறுகிறார்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் வைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும். பூச்சை முதலில் அரைத்து நீக்குவதும் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும் அவசியம். முகக் கவசமின்றி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ‘டக்’ வெல்டிங் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையில் இவ்வளவு திறமை இருந்தும் பத்திரம் இல்லாததால் வெளிநாட்டு வேலைக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இவர்கள் விண்ணப்பிக்க முடிவதில்லை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை வகுப்பில் அமராமலே, ஏற்கெனவே பெற்ற தேர்ச்சியைச் செய்து காட்டிப் பெறுவதற்கு முன்கற்றல் அங்கீகார முறை இருக்கிறது. வேலை செய்த வண்டிகளின் படங்களும், கராஜ் உரிமையாளரின் அனுபவக் கடிதமும், மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டும் வெல்டிங்கும் அதற்குச் சான்றாகும். பழைய கெப்பைக் கராஜில் விடும் தோட்ட உரிமையாளரோ வாடிக்கையாளரோ, வேலை முடிந்ததும் அதைச் செய்த பையன் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், விண்ணப்பக் கோப்பில் சேர்க்க அது உதவும்.