தோற்றதற்கு எதற்கு வேட்டு?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது எங்கள் மகள் ஆறாம் வகுப்பு முடிக்கிற நேரம். பள்ளி ஹாக்கி அணியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விளையாட்டு ஆசிரியர் கொடுத்த பழைய மட்டை ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். அதுவரை எங்களுக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டிக்காரர்கள் ஆடுவது, அவ்வளவுதான். தென்காசிப் பக்கம் எங்கள் காலனியில் கபடி, இல்லாவிட்டால் கிரிக்கெட்.

எங்களில் ஒருவர் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், மற்றவர் பீடி சுற்றுகிறவர். அந்த வருடம் அருவியில் குளிக்கத் தடை. சாரல் அடித்தது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது, ஆனால் சீசன் இல்லை. வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து மகள் சொன்னாள்: “சும்மாதானப்பா இருக்கீய, வந்து பந்தத் தடுங்க.” இப்படித்தான் நாங்கள் கோச் ஆனோம். உண்மையில் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

இடது கை மட்டையின் உச்சியில், வலது கை கீழே. தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், முதுகுப் பக்கம் பட்டால் தப்பு, காலில் பட்டாலும் தப்பு. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டே ஓட, இடது மணிக்கட்டு மட்டையைப் புரட்ட வேண்டும், வலது கை இறுக்காமல் தாங்கினால் போதும். பீடி சுற்றும் கைக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ஆட்டோ ஹேண்டில் பிடித்த கைக்கு இரண்டு மாதம் ஆனது. இதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

குளம் வற்றினால் குளத்துக்குள் ஆடுவோம், நிறைந்தால் காலனித் தெருவில். ஊர்ப் பக்கம் நல்ல மைதானம் இருக்கிறது. அங்கே போய் நின்றால் யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். “எந்தத் தெரு?” என்று மட்டும் கேட்பார்கள்.

அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்த எங்கள் வீட்டில் அன்று பெரிய கூச்சல். ஆகஸ்ட் 4 அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றோம். மகள் அழுதாள். மறுநாள் செய்தி வந்தது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வந்தனாவின் வீட்டு வாசலில் ஆதிக்க சாதியினர் வேட்டு போட்டு ஆடியிருக்கிறார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று குடும்பத்தை ஏசியிருக்கிறார்கள். வழக்கும் கைதும் பிறகு நடந்தன.

“தோத்ததுக்கு எதுக்குப்பா வேட்டு போட்டாவ?” என்று மகள் கேட்டாள்.

சாதியைப் பற்றி இவளிடம் எப்போது பேசுவது என்று நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தோம். அன்று ராத்திரி பேசினோம். மைதானத்தில் ஏன் தெருவைக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான். அவள் தூங்கிய பிறகு எங்களுக்குள் தகராறு. ஒருவர், இதோடு போதும், படிக்கட்டும் என்றோம். மற்றவர், மட்டையைப் பிடுங்கினால் அவர்கள் வேட்டுக்கு நாமும் திரி கொளுத்தின மாதிரி என்றோம். வந்தனாவின் அப்பா நாகர் சிங்கைப் பற்றி அப்போதுதான் படித்தோம். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று ஊரே சொன்னபோதும் மகளை ஆட அனுப்பியவர். அந்த மே மாதம்தான் இறந்துபோனார். பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்த மகளால் கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் தன் வாசலில் அந்த வேட்டுச் சத்தத்தைக் கேட்டிருப்பார். நினைக்கவே நெஞ்சு அடைத்தது.

ஆகஸ்ட் 6 வெண்கலத்துக்கான ஆட்டம். பிரிட்டனிடம் 4-3 என்று தோற்றோம். அதில் ஒரு கோல் வந்தனா அடித்தது. இரண்டு நாளைக்கு முன் வீட்டு வாசலில் அவ்வளவு நடந்திருக்க, அந்தப் பெண் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். எங்கள் தகராறு அதோடு முடிந்தது.

பிறகு காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள், ஊர்த் தெருவிலிருந்து இரண்டு பேர். ஒரே தண்ணீர் பாட்டில், ஒரே வாய். 2022 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி தலித் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த வீடியோ பரவியதே, அந்த நாட்களில் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வருவதை நிறுத்தினாள். அவள் அம்மா பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்து, “வீட்டுல திட்டுதாவ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இன்னொருத்தி இன்னும் வருகிறாள்.

போன வருடக் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரையில் நடந்தபோது எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனோம். செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் அடித்து நனைத்துத்தான் ஆடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சாரல் விழுந்தால் நம்ம குளத்தில் பந்து சேற்றில் புதைந்து நின்றுவிடும், இவர்கள் காசு கொடுத்து நனைக்கிறார்களே என்று.

மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் கோச், நாங்கள் பந்து பொறுக்குகிறோம். கோல்கீப்பருக்குக் காலில் கட்டும் பேட் இல்லாததால் பந்தைத் தூக்கி அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோம். பழைய பேடோ, 34 அங்குல மட்டையோ வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள் தோழர்களே, நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.